பண்டிகைக்கு முதல் நாள்: ஐதராபாத் கத்தரிக்காய்ப் பூரணத்தின் கதை



சில ஆண்டுகளுக்கு முன், ஒரு போகிப் பண்டிகையின் இரவில், ஐதராபாத்தில் நம் இல்லத்துச் சமையலறையில் ஒரு சிறு வழக்கு எழுந்தது. மறுநாள் பொங்கல். விருந்துக்கு எட்டுப் பேர் வருவதாக இருந்தது. நம் மனைவியார் வேர்க்கடலையையும் எள்ளையும் கொப்பரையையும் தனித்தனியே வறுத்து, கத்தரிக்காயில் அடைப்பதற்கான பூரணத்தை முதல் நாளே பொடித்து வைத்துக்கொண்டிருந்தார். கும்பகோணத்திலிருந்து வந்திருந்த அன்னையார் அதனைக் கண்டு வாயிற்படியிலேயே நின்றுவிட்டார்.

"ஏண்டா, சாமிக்குப் படைக்கிறதை முதல் நாளே பண்ணி வைக்கலாமா? பழையது ஆகிவிடாதா? அதுவும் வேர்க்கடலையைப் போட்டு! பொங்கல் என்றால் நம் வீட்டில் ஏழுகாய்க் குழம்புதானே?" என்று கேட்டார்.

அக்கேள்வியில் இரண்டு கேள்விகள் அடங்கியிருந்தன. முன்கூட்டிச் செய்து வைப்பது முறையா என்பது ஒன்று. இப்பண்டம் நம்முடையதா என்பது மற்றொன்று. பிற மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களில் பண்டிகைதோறும் ஏதேனும் ஒரு வடிவில் எழும் கேள்விகளே இவை. அன்றிரவு நாம் விடை கூறவில்லை. அடுப்படியில் நின்று தாயோடு வாதாடுவது மகனுக்கு அழகன்று. ஆயினும் கேள்வி நெஞ்சை விட்டு அகலவில்லை. மத்திய அரசின் அலுவலகத்தில் மொழிபெயர்ப்புப் பணி செய்பவராதலின், ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்று தேடுவது நமக்கு நாள்தோறும் உள்ள வேலை. அதே வழியில் பூரணத்தின் பிறப்பையும் தேடலானோம். தேடிக் கண்டதை இங்கே கூற விழைகின்றோம்.

முதலில் கத்தரிக்காயையே எடுத்துக்கொள்வோம். இதன் பழந்தமிழ்ப் பெயர் வழுதுணை என்பது. வழுதலை என்றும் வழங்கும். ஔவையார் பெயரால் வழங்கும் தனிப்பாடல் ஒன்று, எளிய இல்லத்து விருந்தில் உண்ட வழுதுணங்காயைப் போற்றுவதை நேயர்கள் அறிவர். தெலுங்கில் இதனை வங்காய என்பர். 1961-ஆம் ஆண்டில் பர்ரோ, எமனோ என்னும் அறிஞர் இருவர் திராவிட மொழிகளுக்குச் சொற்பிறப்பு அகராதி ஒன்றை வெளியிட்டனர். வழுதுணை, வங்காய ஆகிய சொற்களை அவர்கள் ஓரினமாகக் காட்டி, வடமொழியின் 'வாதிங்கண' என்னும் சொல்லையும் அவற்றோடு தொடர்புபடுத்தினர். அத்தொடர்பை ஏற்போமாயின், அச்சொல் சென்ற வழி மிக நீண்டது. பாரசீகத்தில் அது பாதிங்கான் ஆயிற்று, அரபியில் பாதிஞ்ஜான், போர்த்துகீசிய மொழியில் பெரிஞ்ஜேலா. போர்த்துகீசியரிடமிருந்து ஆங்கிலேயர் கற்று, இந்நாட்டில் பிரிஞ்ஜால் என்றனர். இந்தியிலும் உருதுவிலும் வழங்கும் பைங்கன் என்பதும் அக்குடும்பத்ததே. ஐதராபாத்தின் விருந்துகளில் 'பகாரா பைங்கன்' என்று பரிமாறப்படும் பண்டத்தில், பகார் என்பது தாளிப்பு. பைங்கன் என்பது நம் வழுதுணையின் தொலைதூர உறவு. காயின் பெயரைப் பொறுத்தவரை, அன்னையாரின் வழக்கு பாதி தள்ளுபடி ஆகிவிடுகிறது.

இனி, காயினுள் பூரணம் வைக்கும் முறை எவ்வளவு பழையது? ஐதராபாத்துக்கு மேற்கே, இன்றைய கருநாடக மாநிலத்துப் பீதர் மாவட்டத்தில், பசவகல்யாண் என்னும் ஊர் உள்ளது. மேலைச் சாளுக்கியரின் தலைநகராகிய கல்யாணி அதுவே. அங்கு 1126 முதல் 1138 வரை ஆண்ட மூன்றாம் சோமேசுவரன், மானசோல்லாசம் என்னும் வடமொழி நூலைத் தொகுத்தான். யானைப் பயிற்சி, இசை, மருத்துவம், அரண்மனை வாழ்க்கை ஆகிய பலவற்றையும் கூறும் நூறு அதிகாரங்களைக் கொண்ட பெருநூல் அது. அதில் அன்னபோகம் என்னும் பகுதி உணவைப் பற்றியது. கத்தரிக்காயின் உள்ளே குடைந்து, கொத்திய இறைச்சியோடு நறுமணப் பொருள்களைக் கலந்து அடைத்து, எண்ணெயில் பொரிக்கும் முறை அங்கே கூறப்படுகிறது. ஆகவே தக்காண மண்ணில் பூரணம் அடைத்த கத்தரிக்காய் எண்ணூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உடையது. அன்று அது அரசர் உண்ட உணவு. உள்ளே இருந்தது ஊன்.

ஏறத்தாழ 1500-ஆம் ஆண்டையொட்டி, மாளவ நாட்டின் மாண்டு நகரில் நிமத்நாமா என்னும் சமையல் நூல் எழுதப்பட்டது. கியாஸ் ஷா என்னும் சுல்தானுக்காகத் தொடங்கப்பெற்று, அவன் மகன் காலத்தில் முடிந்த ஓவிய நூல் அது. இன்று இலண்டன் நகரின் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. அதில் கத்தரிக்காயைச் சுட்டு, அதன் சதையை எடுத்து, கொத்திய இறைச்சியோடு பிசைந்து, சமோசாவுக்குள் வைக்கும் முறை காணப்படுகிறது. கல்யாணியில் பூரணத்தைத் தாங்கிய காய், மாண்டுவில் தானே பூரணம் ஆகிவிட்டது. உள்ளே வைப்பது எது, வெளியே இருப்பது எது என்பதில் சமையற்காரர்கள் எக்காலத்தும் பிடிவாதம் பாராட்டியதில்லை போலும்.

இவ்விரு நூல்களையும் இன்றைய நம் இல்லத்துப் பொடியோடு ஒப்பிடும்போது, ஒரு வேறுபாடு தோன்றும். அவற்றில் மிளகாய் இல்லை, வேர்க்கடலையும் இல்லை. இருக்கவும் இயலாது. இரண்டும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். வாஸ்கோடகாமா கள்ளிக்கோட்டைக்கு வந்தது 1498-இல். போர்த்துகீசியர் கோவாவைக் கைப்பற்றியது 1510-இல். அதன் பின்னரே மிளகாய் இந்நாட்டுக்குள் வந்தது. புதிதாக வந்த காய்க்குத் தமிழர் புதுப்பெயர் தேடவில்லை. மிளகு போல உறைக்கும் காய் ஆதலின் மிளகாய் என்றனர். தெலுங்கரும் மிரியம் என்னும் மிளகின் பெயரையொட்டி மிரபகாய என்றனர். முகம்மது குலி குதுப் ஷா 1591-இல் ஐதராபாத்தை நிறுவிச் சார்மினாரை எழுப்பியபோது, மிளகாய் இந்தியாவுக்கு வந்து நூறாண்டு நிறைந்திருக்கவில்லை. இன்று மிளகாய் இல்லாத தெலுங்கர் சமையலை எண்ணிப் பார்க்க இயலுமா?

வேர்க்கடலையின் கதை அன்னையாரின் வழக்குக்கு மேலும் நெருங்கியது. தமிழ்நாட்டின் வடபகுதியில் இதற்கு மணிலாக்கொட்டை என்று பெயர். பிலிப்பைன் தீவுகளின் மணிலா நகரை அப்பெயர் சுட்டுகிறது. அமெரிக்காவினின்று எசுப்பானியர் கப்பல்கள் பசிபிக் பெருங்கடலைக் கடந்து வந்து சேர்ந்த துறைமுகம் அது. நிலக்கடலை, வேர்க்கடலை என்பன அது விளையும் விதத்தால் அமைந்த பெயர்கள். தெலுங்கின் வேருசனக என்பதும் அவ்வாறே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டில் விளைந்த மணிலாக்கொட்டை, புதுச்சேரித் துறைமுகத்தின் வழியே பிரான்சு நாட்டின் மார்சேய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பலேறியது. இந்தியாவில் வேர்க்கடலை பெருவாரியாக விளைந்த நிலங்களுள் தமிழ்நிலம் முற்பட்டது. ஆகவே ஐதராபாத்துப் பொடியில் உள்ள வேர்க்கடலையைக் கண்டு தமிழர் அயல்மை பாராட்டுவது பொருந்தாது. அதனைச் சந்தைக்கு ஏற்றியவர்களில் நம் உழவர்களும் உண்டு. 1972-இல் ஐதராபாத்தையடுத்த படான்செருவில் தொடங்கப்பெற்ற பன்னாட்டு வறட்சி நிலப் பயிராராய்ச்சி நிறுவனத்தில், இன்று பதினைந்தாயிரத்துக்கு மேற்பட்ட வேர்க்கடலை வித்து வகைகள் சேமித்து வைக்கப்பட்டுள்ளன.

எஞ்சியவை எள்ளும் புளியும். எள் இந்நாட்டில் மிகத் தொன்மையானது. அரப்பா அகழ்வில் கருகிய எள் கிடைத்துள்ளது. எண்ணெய் என்னும் சொல்லே எள்ளின் நெய் என்று பொருள்படும். புளியின் பெயர்க்கதை வேடிக்கையானது. அரபியர் அதனை இந்தியப் பேரீச்சை என்றனர்; அப்பெயரே ஆங்கிலத்தில் டாமரிண்டு ஆயிற்று. பயிர்நூலாரோ புளியமரத்தின் தாயகம் ஆப்பிரிக்கா என்பர். எனினும் புளி இல்லாத தென்னாட்டு அடுக்களை ஏது? வந்தேறிய பொருள் எத்தனை காலத்தில் உள்ளூர்ப் பொருளாகிறது என்பதற்கு நூல்களில் விதி இல்லை. நாக்கு ஏற்றுக்கொண்ட நாளே அதன் குடியுரிமை நாள்.

இப்பொருள்கள் யாவும் ஒன்றாகிய களம் பழைய ஐதராபாத் அரசு. 1948-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் இந்திய ஒன்றியத்தோடு இணையும்வரை, அது நிசாம் மன்னரின் ஆட்சியில் இருந்தது. தெலுங்கு, மராத்தி, கன்னடம் ஆகிய மூன்று மொழி மாவட்டங்களும், அரசாங்க மொழியாகிய உருதுவும் அதில் அடங்கியிருந்தன. 1918-இல் தொடங்கிய உசுமானியாப் பல்கலைக்கழகம் உயர்கல்வியை உருதுவிலேயே புகட்டியது. அதற்கென மேலைநாட்டு நூல்களை மொழிபெயர்க்க ஒரு தனிப் பணியகமும் இயங்கியது. நம்மைப் போன்ற மொழிபெயர்ப்பாளர்க்கு அந்நகரின்மீது இயல்பாகவே ஒரு பற்று எழுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

1956 நவம்பர் 1-ஆம் நாள் அவ்வரசு மொழிவழிப் பிரிக்கப்பட்டது. தெலுங்கானா ஆந்திரப் பிரதேசத்தோடும், மராத்வாடா பம்பாய் மாநிலத்தோடும், பீதர், குல்பர்கா, ராய்ச்சூர் பகுதிகள் மைசூரோடும் சேர்ந்தன. 2014 ஜூன் 2-ஆம் நாள் தெலுங்கானா தனி மாநிலமாயிற்று. நிலப்படத்தில் கோடுகள் பல முறை மாறின. ஆனால் கத்தரிக்காய்ப் பூரணத்துக்கு எந்தக் கோடும் எல்லையாகவில்லை. மராத்தியர் அதனைப் பரலி வாங்கி என்பர். வட கருநாடகத்தார் எண்ணெகாயி என்பர். தெலுங்கர் குத்தி வங்காய என்பர். ஐதராபாத்து முஸ்லிம் இல்லங்களில் அதுவே பகாரா பைங்கன். கும்பகோணத்தில் நாம் அதனை எண்ணெய்க் கத்தரிக்காய் என்போம். எண்ணெகாயி என்னும் கன்னடப் பெயரையும் எண்ணெய்க் கத்தரிக்காய் என்னும் தமிழ்ப் பெயரையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளின் பெயர்களைப் போல ஒலிக்கும். தமிழ்நாட்டில் கடலைப்பருப்பும் தனியாவும் மிகும்; தக்காணத்தில் வேர்க்கடலையும் எள்ளும் மிகும். வேற்றுமை அவ்வளவே.

இந்நகரில் தமிழர் குடியேறிய கதையையும் ஒரு சொல் கூற வேண்டும். 1798-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் ஆங்கிலேயரின் சென்னைப் படைகள் நிசாமின் தலைநகரருகே நிலையாகத் தங்கலாயின. அப்படைக் குடியிருப்பு, மன்னர் சிக்கந்தர் ஜாவின் பெயரால் 1806-இல் சிக்கந்தராபாத் எனப்பட்டது. படையின் பின்னே வணிகரும் ஒப்பந்தக்காரரும் எழுத்தரும் தெற்கிலிருந்து வந்தனர். பத்மாராவ் முதலியார் என்னும் பெருந்தனக்காரர் பெயரால் அமைந்த பத்மாராவ் நகர் இன்றும் சிக்கந்தராபாத்தில் உள்ளது. பின்னர் இருப்புப்பாதை வந்தது. அதன் பின்னர் மத்திய அரசின் ஆய்வகங்களும் அலுவலகங்களும் வந்தன. நீலகிரியின் குன்னூரில் 1918-இல் வேர்விட்ட உணவூட்ட ஆய்வகம், 1958-இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்தது. 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. தமிழ்நாட்டு மலையொன்றிலிருந்து தக்காணத்துக்குக் குடிபெயர்ந்த நிறுவனம் அது; ஒருவகையில் அதுவும் நம் இனமே.

இனி அன்னையாரின் முதற் கேள்விக்கு வருவோம். முன்கூட்டிச் செய்தது பழையது ஆகுமா?

நம் இல்லங்களில் இதற்கு ஒரு பழைய விதி உண்டு. நீர் பட்டுச் சமைத்தது மறுநாள் பழையது. நீர் படாமல் வறுத்துப் பொடித்தது பழையது ஆவதில்லை. சோறும் குழம்பும் முதல்வகை. பருப்புப்பொடியும் மிளகாய்ப்பொடியும் இரண்டாம் வகை. இவ்விதியை வகுத்த பாட்டிமார் நுண்ணுயிரியல் பயின்றவர் அல்லர். ஆயினும் இன்றைய அறிவியல் கூறுவதும் அதுவே. உணவைக் கெடுக்கும் நுண்ணுயிர்களுக்கு ஈரம் வேண்டும். வறுக்கும்போது ஈரம் நீங்குதலின் அவை பெருக இயலுவதில்லை. எனவே பூரணத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்வதே வழி. உலர்ந்த பகுதியை முதல் நாள் செய்யலாம். ஈரப் பகுதியைப் பண்டிகை நாளன்றே சேர்க்க வேண்டும்.

அரைக் கிலோ பிஞ்சுக் கத்தரிக்காய்க்கு நம் இல்லத்து அளவு இது. வேர்க்கடலை 50 கிராம், எள் 25 கிராம், கொப்பரைத் துருவல் 25 கிராம், தனியா இரண்டு தேக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி, காய்ந்த மிளகாய் ஆறு. ஒவ்வொன்றையும் எண்ணெயின்றித் தனித்தனியே சிறு தீயில் வறுக்க வேண்டும், எள் பொரியத் தொடங்கியதும் இறக்கிவிட வேண்டும், கருகினால் கசக்கும். யாவும் நன்றாக ஆறிய பின்னரே பொடிக்க வேண்டும். சூட்டோடு பொடித்தால் கடலையும் எள்ளும் எண்ணெய் கக்கிப் பிசினாகும். சூட்டோடு மூடினால் மூடியில் வியர்த்த நீர் பொடியில் சொட்டும். பூசணம் பூத்த கடலை ஒன்று இருப்பினும் எறிந்துவிடுக. அப்பூசணத்தில் பிறக்கும் நஞ்சு வறுப்பதால் முற்றும் நீங்குவதில்லை. பொடியை உலர்ந்த புட்டியில் இறுக மூடினால் சில நாள் நன்றாக இருக்கும். நெடுநாள் வைத்தால் எண்ணெய் சிக்கு வாடை பிடிக்கும்.

பண்டிகை நாளன்று காலையில் புளிக்கரைசல், உப்பு, சிறிது வெல்லம், வதக்கி அரைத்த வெங்காயம், இஞ்சி, பூண்டு ஆகியவற்றைப் பொடியோடு பிசைந்துகொள்ளலாம். வெங்காயமும் பூண்டும் விலக்கும் இல்லத்தார் அவையின்றியே செய்யலாம், குறையொன்றும் இல்லை. கத்தரிக்காயை முதல் நாளே அரிந்து வைக்கக் கூடாது. அரிந்த இடம் காற்றுப் பட்டுக் கறுக்கும். அன்று காலையில் காம்பு நீங்காமல் நான்காகக் கீறி உப்புநீரில் இட்டு, அடைக்கும்போது எடுத்துத் துடைத்துக்கொள்ள வேண்டும். நல்லெண்ணெயில் கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை தாளித்துக் காய்களை அடுக்கி, மூடிச் சிறு தீயில் வேகவிட வேண்டும். எஞ்சிய பூரணத்தை நீரில் கரைத்து ஊற்றினால் குழம்பு, ஊற்றாவிடின் கறி.

இவ்வாறு முதல் நாளே செய்வதில் மற்றொரு நன்மை உண்டு. வரலாற்று நூல்கள் அதனை எழுதுவதில்லை. கல்யாணி அரண்மனையில் அரைப்பதற்கும் வறுப்பதற்கும் ஆட்கள் பலர் இருந்திருப்பர். இடம்பெயர்ந்த குடும்பத்திலோ மாமியார், நாத்தனார், ஓர்ப்படி என்று துணைக்கு வர எவரும் இல்லை. பண்டிகை நாளின் முழுச் சுமையும் ஒரு பெண்ணின் கைகளிலேயே விழுகிறது. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, எல்லாரும் உண்டு முடிந்த பின் கடைசியாக உண்பவர் அவரே. அவர் வேலையில் பாதியை முதல் நாள் இரவுக்கு மாற்றலாம். அந்தப் பாதியையும் வீட்டிலுள்ள ஆடவர் பகிர்ந்துகொள்ளலாம். வறுப்பதற்கும் பொடிப்பதற்கும் பெருந்திறன் வேண்டுவதில்லை. பொறுமை இருந்தால் ஓர் அரசு ஊழியராலும் இயலும் என்பதை அனுபவத்தில் கண்டோம்.

அந்தப் பொங்கலன்று இரண்டும் ஆயிற்று. அன்னையார் தம் கையால் ஏழுகாய்க் குழம்பு வைத்தார். நம் மனைவியார் பூரணக் கத்தரிக்காய் செய்தார். சங்கராந்தி வாழ்த்துக் கூற வந்த அண்டை வீட்டுத் தெலுங்கு அம்மையார் அதனைச் சுவைத்து, எள் இன்னும் சிறிது கூடலாம் என்றார். அன்னையாரோ முதலில் ஒரு காய் மட்டும் கேட்டார். பின்னர் ஒன்றும் சொல்லாமல் மற்றொன்றை இலையில் இட்டுக்கொண்டார்.

நாம் தேடிக் கண்ட வரலாற்றை அவரிடம் விரித்துரைக்க வேண்டிய தேவை நேரவில்லை. நான்கு நாள் கழித்து ஊர் திரும்பப் பெட்டி கட்டும்போது, மருமகளை அழைத்து இவ்வாறு கூறினார்:

"அந்தப் பொடியில் கொஞ்சம் கட்டிக் கொடும்மா. தண்ணீர் கை படாமல் எடு. மாசி மகத்துக்கு உன் நாத்தனார் வருவாள். முதல் நாளே எடுத்து வைத்துக்கொண்டால் எனக்கும் வேலை குறையும்."